நடனத்துக்குப் போகிறவர்களின் கவனத்துக்கு

கௌசிகா தன் வாழ்நாளில் ஒருநாள்கூட நடனமாடியதில்லை. ஆனாலும் 2013ஆம் ஆண்டு, மெல்பேர்ணில் ஸ்பிரிங்வேல் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் நூற்றறுபது பேருக்கு, ஃபோர்மல் என்று சொல்லும் நடன விருந்துக்கு எப்படிப் போகவேண்டும், எதைக் காலில் போடவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்று வாராவாரம் எழுதிச் சொன்னவள் அவள்தான். அவள் எழுதியதை வாசித்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் அதில் ஒரு வரியைக்கூடப் பகிடிக்கு எழுதவில்லை.

அப்போது அவளுக்குப் பதினேழு வயது. அம்மா யோகாவும் அவளும் ரெயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய யூனிற் வீட்டில் இருந்தார்கள். அம்மாவுக்கு முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. 2010 கடைசியில் படகில் வந்து, கிறிஸ்மஸ் தீவின் தடுப்பு முகாமில் மாதக்கணக்காக இருந்து, பிறகு மெல்பேர்ணில் ஒரு முகாமில் இருந்து, விசா கிடைத்து வெளியே வந்தவர்கள். அப்பா 2009 தை மாதம் விசுவமடுவில் செல் குண்டு விழுந்து இறந்துபோனார். அவரை அம்மாவும் மகள்மார் இருவருமாகவே புதைத்தார்கள். அதனால் அப்பா எங்கே இருக்கிறார் என்பது தெரியும்.

அக்கா மேனுகா எங்கே என்பதுதான் தெரியாது.

அந்த வருடம் மே மாதம், போர் முடியும் தறுவாயில், நந்திக்கடல் களப்பை நடந்து கடந்தார்கள். நெஞ்சளவு தண்ணீர். தலையில் பையை வைத்துக்கொண்டு அம்மா முன்னால் போனார். பின்னால் பதின்மூன்று வயதுக் கௌசிகா. அவளுக்கும் பின்னால் பதினைந்து வயது மேனுகா. எங்கு பார்த்தாலும் சனம், பையைப் பிடித்துக்கொண்டும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டும். கரையேறியபோது இவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். "அக்கா பக்கத்து பங்கர் ஆக்களோட அங்காலப் பக்கத்தால போட்டா," என்று கௌசிகா சொன்னாள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப வருவாள்," என்று மட்டும் சொன்னார்.

அது பொய். அக்காவின் கையைப் பிடித்திருந்தவள் கௌசிகா. வழுக்கியதா, தான் விட்டாளா என்று அவளுக்கே தெரியாது. விரல்கள் மட்டும் கொஞ்ச நேரம் அவளுடைய விரல்களுக்குள் இருந்தன. பிறகு அவையும் இல்லை.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. எந்த அலுவலகத்திலிருந்து எந்தப் படிவம் வந்தாலும் சாப்பாட்டு மேசையில் இருந்து நிரப்புவது கௌசிகா. பிள்ளைகள் எத்தனை பேர் என்ற இடம் வரும்போது அம்மா எதிர்க் கதிரையில் இருந்துகொண்டு "ரெண்டு" என்பார். அவள் இரண்டு என்று எழுதுவாள். பெயர், பிறந்த தேதி எல்லாம் எழுதுவாள். வதிவிடம் என்ற கட்டத்தை மட்டும் வெறுமனே விடுவாள். செஞ்சிலுவைச் சங்கத்திடம் தேடித் தரச் சொல்லிக் கொடுத்த படிவத்தையும் அவள்தான் நிரப்பினாள். கடைசியாகக் கண்டது யார் என்ற கேள்விக்கு அதே பொய்யை ஆங்கிலத்தில் எழுதினாள்.

பதினாறாவது பிறந்தநாளன்று கேக்குக்கு முன்னால் நின்றபோதுதான் அந்த எண்ணம் வந்தது. இனி அக்காவைவிடத் தனக்கு வயது கூட. 

அந்த நாட்களில் பள்ளிக்கூடப் பெட்டையள் எல்லாரும் கைமாற்றிக் கைமாற்றி ஒரு தொடர் நாவலை வாசித்தார்கள். ஆறு தடித்த புத்தகங்கள். ஒரு துறைமுக நகரத்தில், இவர்களுடைய வயதுப் பிள்ளைகள் சோடி சோடியாகப் பிசாசு வேட்டைக்குப் போவார்கள். அந்தப் பிசாசுகளுக்குச் சொந்த முகம் கிடையாது. தொலைந்துபோனவர்களின் முகத்தைப் போட்டுக்கொண்டு, பாட்டும் சனமும் உள்ள இடமாகப் பார்த்து வரும். தொலைந்தவரின் பழைய நினைவெல்லாம் அவற்றுக்குத் தெரியும். தொலைந்த பிறகு நடந்தது ஒன்றும் தெரியாது. அதனால் வேட்டைக்காரர் முதலில் கேட்கும் கேள்வி, "இன்றைக்கு என்ன சாப்பிட்டாய்?" என்பது. உயிரோடு இருப்பவர் பாண், முட்டை என்று ஏதாவது சொல்வார். பிசாசு தடுமாறும்.

மற்றப் பிள்ளைகள் அதைக் காதல் கதையாக வாசித்தார்கள். எந்தச் சோடி எந்தப் பாகத்தில் முத்தமிடும் என்பதுதான் அவர்களுடைய கவலை. கௌசிகா அதைப் பாடப்புத்தகம் மாதிரி வாசித்தாள். ஏனென்றால் அக்கா வரத் தொடங்கியிருந்தாள்.

முதலில் வகுப்பறை யன்னலுக்கு வெளியே. பிறகு ரெயில் நிலையத்தில், எதிர்ப் பக்க மேடையில். எப்போதும் அந்த நீலச் சட்டை. ஒரு காலால் மற்றக் காலின் கெண்டையைச் சொறிந்துகொண்டு நிற்பாள், வீட்டில் நிற்பதைப் போலவே. பயமுறுத்தும் முகமாக இருந்தால் கௌசிகா ஓடியிருப்பாள். அது கொஞ்சமும் பயமுறுத்தாத முகம். ஒரு பின்னேரம் குசினிக்குள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அம்மா வேலையால் வரவில்லை. கௌசிகா திரும்பாமலே கேட்டாள்:

"அக்கா, இண்டைக்கு என்ன சாப்பிட்டனீ?"

மேனுகா கொஞ்ச நேரம் யோசித்தாள். "கஞ்சி," என்றாள்.

போரின் கடைசி வாரங்களில் அவர்களுக்குக் கிடைத்தது உப்புக் கஞ்சி மட்டுந்தான். கௌசிகா தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்தவள், அம்மா வந்து விளக்கைப் போடும் வரைக்கும் எழும்பவில்லை.

மூன்றாம் பாகத்தில், வெள்ளம் புகுந்த ஒரு சுரங்கத்துக்குள் சோடி வேட்டைக்காரர் இருவரில் ஒருத்தியின் கை நழுவும் பக்கம் வந்தது. அந்தப் பக்கத்துக்கு மேல் அவளால் போக முடியவில்லை. மூன்று தரம் நூலகத்தில் தவணை நீட்டி எடுத்து, மூன்று தரமும் அந்த இடத்திலேயே மூடிவைத்தாள்.

அப்படி அவள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் புத்தகத்தோடு இருந்ததைக் கண்டுதான் லின் பக்கத்தில் வந்து குந்தினாள். லின் வியட்நாமியப் பிள்ளை. மாணவர்களின் வாரத்தாளை ஒருத்தியாகவே நடத்திக்கொண்டிருந்தவள். ஃபோர்மலுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. அதைப் பற்றி ஆலோசனைப் பக்கம் எழுதுவதாகச் சொன்ன பெடியன் கைவிட்டுவிட்டான்.

"பிசாசு வேட்டைக்காரி ஒருத்தி ஃபோர்மலுக்குப் போனால் எப்படி ஆயத்தப்படுவாள்? அதை எழுதித் தா," என்றாள் லின். "பெயர் போடமாட்டேன். ஒருவருக்கும் தெரியாது."

கௌசிகா மாட்டேன் என்றுதான் சொன்னாள். ஆனால் அன்று பின்னேரமே எழுதிவிட்டாள். யோசிக்கவே தேவையிருக்கவில்லை. எல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

மண்டபத்துக்குள் போனதும் முதலில் அலங்காரத்தைப் பார்க்காதே, கதவுகளைப் பார் என்று எழுதினாள். இரண்டாவது கதவு எங்கே என்று தெரியாமல் கதிரையில் இருக்காதே. குதி உயர்ந்த சப்பாத்துப் போடலாம், ஆனால் ஒரே இழுப்பில் கழற்றக்கூடியதாக இருக்கவேண்டும். ஈரச் சப்பாத்தோடு தூரம் நடக்க முடியாது. தண்ணீர் கிடைக்கும்போதே குடி, தாகம் வரும் வரைக்கும் பார்த்திராதே. கூட வந்தவர்கள் பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று வெளிக்கிட முதலே பேசிவை. உன்னை ஒருவரும் ஆட அழைக்காவிட்டால் சுவரோரம் நில். அதில் வெட்கம் ஒன்றுமில்லை, சுவரோரம் நின்றவர்கள் பிழைத்திருக்கிறார்கள். தெரிந்த முகம் ஒன்று கை நீட்டினால், கையைக் கொடுக்க முதல் அது யாரென்று நிச்சயப்படுத்திக்கொள்.

'நடனத்துக்குப் போகிறவர்களின் கவனத்துக்கு' என்று தலைப்புப் போட்டு லின் அதை வெளியிட்டாள். திங்கட்கிழமை காலை பெடியள் லொக்கர்களுக்கு முன்னால் நின்று உரத்து வாசித்தார்கள். 'சுவரோரம் நின்றவர்கள் பிழைத்திருக்கிறார்கள்' என்ற வரியை யாரோ கழிவறைக் கதவில் எழுதிவிட்டார்கள். ஆங்கில ஆசிரியை, இத்தனை காலத்தில் இந்தத் தாளில் வந்த நகைச்சுவைகளில் இதுதான் திறம் என்று வகுப்பில் சொன்னார். கௌசிகா கொப்பியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

லின் நூலக வாசலில் ஒரு சப்பாத்துப் பெட்டியை வைத்தாள். பிள்ளைகள் கேள்விகளைத் துண்டில் எழுதிப் போட்டார்கள். உள்ளங்கை வியர்த்தால் என்ன செய்வது? என்னோடு வருகிறவன் என்னைவிடக் கட்டை, பரவாயில்லையா? நடுவில் அழுகை வந்தால்? கௌசிகா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் எழுதினாள். வியர்த்தால் உடுப்பில் துடைத்துக்கொள், எல்லாருக்கும் வியர்க்கும். கட்டையானவர்கள் சனத்துக்குள் சுலபமாக நுழைவார்கள், அவர்களை முன்னால் விடு. அழுகை வந்தால் நடந்துகொண்டே அழு, நிற்காதே. நடனத் தளத்தில் சனம் நெருக்கினால் தோழியின் கையை விடாமல் பிடித்துக்கொள் என்றும் ஒரு கிழமை எழுதினாள்.

அதற்கு அடுத்த கிழமைதான் அந்தத் துண்டு வந்தது.

லின் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டித் துண்டுகளைப் பிரித்தபோது, "இது என்ன மொழி? உன்னுடையதா?" என்று ஒன்றை நீட்டினாள். கோடு போட்ட கொப்பித் தாளில் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தது.

'கையைப் பிடிக்கிறதெண்டால் விரலைப் பிடிக்கப்படாது. மணிக்கட்டைப் பிடிக்கவேணும். தண்ணிக்குள்ள விரல் வழுக்கும். இதையும் எழுதவேணும்.'

பெயர் இல்லை. கௌசிகா அதைத் திரும்பவும் முதலில் இருந்து வாசித்தாள். "என்ன எழுதியிருக்கு?" என்று லின் கேட்டாள். "சும்மா பகிடி," என்றாள் கௌசிகா.

நடனத்தைப் பற்றி எழுதிய அவளுக்குத் தண்ணீரைப் பற்றிப் பதில் வந்திருந்தது. அவள் விரலைப் பிடித்தாள் என்பது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். பிடித்தவளுக்கும், பிடிபட்டவளுக்கும்.

அந்தத் துண்டை அவள் கணக்குப் புத்தக உறைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள். அக்காவின் எழுத்துத்தானா என்று பார்க்க வழியிருக்கவில்லை. மேனுகா எழுதிய ஒரு கொப்பியும் தண்ணீரைத் தாண்டி வரவில்லை. அக்கா 'ழ' எப்படி எழுதுவாள், எழுத்தைச் சரித்து எழுதுவாளா, நேராக எழுதுவாளா, ஒன்றும் ஞாபகம் வரவில்லை. முகம் ஞாபகமிருக்கிறது, காலைச் சொறிவது ஞாபகமிருக்கிறது, கையெழுத்து மட்டும் போய்விட்டது. ஆடி மாத விடுமுறை இரண்டு கிழமையும் அவள் அந்த நாலு வரியையும் பார்த்தபடி இருந்தாள். ஒருவேளை உயிரோடு தப்பி, வேறொரு படகில் வந்து, இதே பள்ளிக்கூடத்துக்குத் துப்புரவு வேலைக்கோ எதற்கோ வந்துபோகிறாளோ என்றுகூட யோசித்தாள். நடக்கக்கூடிய விசயமா என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். கேட்டுவிட்டு மறுபடி தொடங்குவாள். அந்த இரண்டு கிழமையும் குசினிக்குள் அக்கா வரவில்லை. உயிரோடு இருப்பதால்தான் வரவில்லை என்று அவளுடைய நம்பிக்கை கூடியது.

பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்கியதும் தன் பக்கத்தின் அடியில் இரண்டு வரி தமிழில் போடச் சொல்லி லின்னிடம் கேட்டாள். தெரியாத எழுத்தைக் கண்டதும், அது பிசாசு ஓட்டும் மந்திரமாக்கும் என்று பிள்ளைகளுக்கு நல்ல குதூகலம். அவள் எழுதியது இவ்வளவுதான்: 'மணிக்கட்டைப் பற்றி எழுதினவர் வியாழக்கிழமை மத்தியானம் நூலகத்துப் பின்கதவடிக்கு வரவும்.'

வியாழக்கிழமை நல்ல குளிர். நூலகத்துக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகள் நிற்கும் இடத்தில் கௌசிகா காத்துக்கொண்டு நின்றாள். கதவு திறந்து ஒரு மெல்லிய பிள்ளை வந்தது. அளவுக்குப் பெரிய, யாரோ போட்டுக் கழித்த சீருடைக் குளிர்ச்சட்டை. பதினைந்து வயது இருக்கும்.

"நீங்களோ அக்கா, அந்த டான்ஸ் பக்கம் எழுதிறது?"

அக்கா என்ற சொல் தன்னைக் கூப்பிடும் சொல்லாக வந்தபோது கௌசிகா சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். இதற்கு முன் ஒருவரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"ஓம். அந்தத் துண்டு எழுதினது நீரோ?"

"ஓம். என்ர பேர் லக்சிகா. ஒன்பதாம் வகுப்பு. போன வருசக் கடைசியிலதான் வந்தனாங்கள், எனக்கு இங்கிலிஸ் எழுத வராது. வகுப்புப் பிள்ளை ஒராள் நீங்கள் எழுதினதை விளங்கப்படுத்தினவ. எல்லாரும் சிரிச்சவை." அவள் சப்பாத்து நுனியைப் பார்த்தாள். "எனக்குச் சிரிப்பு வரேல்ல."

"மணிக்கட்டைப் பிடிக்கோணும் எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"அப்பா. அவர் முல்லைத்தீவில கடற்றொழில். விரல் வழுக்கிப்போடும், மணிக்கட்டெண்டால் கை மொளி எலும்பு தடுக்கும் எண்டு சொல்லித் தந்தவர். தம்பியை நான் அப்பிடிப் பிடிச்சுத்தான் கடந்தனான். அவனுக்கு அப்ப ஆறு வயசு."

"இப்ப?"

"இப்ப பத்து. பிறைமறி ஸ்கூல். சரியான குழப்படி, அக்கா. ஒரு சொல்லுக் கேக்கமாட்டான்."

கௌசிகா அந்தப் பையனை ஒருநாளும் கண்டதில்லை. ஆனாலும் அந்தக் கணத்தில் அவன்மேல் அவளுக்கு வந்தது வெறுப்பு. எங்கோ ஒரு வகுப்பறையில் குழப்படி செய்துகொண்டு இருக்கிறான். ஒரு மணிக்கட்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்ல," என்றாள்.

லக்சிகாவுக்கு விளங்கிவிட்டது. என்ன, யார் என்று கேட்கவில்லை. "நான் எழுதினது பிழையோ அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"பிழையில்ல. சரியாத்தான் எழுதியிருக்கிறீர்," என்று சொல்லிவிட்டுக் கௌசிகா போய்விட்டாள். மணி அடிக்க இன்னும் நேரமிருந்தது.

அன்றைக்குப் பின்னேரம் குசினிக்குள் அக்கா திரும்பவும் வந்தாள். கௌசிகா முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். தான் பிடித்தது வலது கையையா இடது கையையா என்று அவளுக்கு நினைவு வரவில்லை. மேனுகா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஃபோர்மலுக்கு மூன்று கிழமை இருக்க, ஒரு சனிக்கிழமை அம்மா அவளை உடுப்பு எடுக்கக் கூட்டிக்கொண்டு போனார். ஸ்பிரிங்வேல் கடைத்தொகுதிக்குள் ஒரு வியட்நாமியப் பெண்ணின் சின்னக் கடை. பழக்கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில். கௌசிகா கரும்பச்சை நிறத்தில் ஒரு நீளச் சட்டையைப் போட்டுப் பார்த்து, சரி என்றாள். அம்மா அதைக் கையில் போட்டுக்கொண்டு மறுபடியும் தொங்கும் உடுப்புகளுக்குள் கையை விட்டார். குங்கும நிறத்தில், அளவில் சிறிய ஒன்றை உருவி எடுத்தார்.

"இது மேனுகாவுக்கு வடிவா இருக்கும்."

ஒவ்வொரு தீபாவளிக்கும் இதுதான். அலுமாரியின் அடித்தட்டில் போடாத சட்டைகள் விலைத்துண்டோடு அடுக்கியிருந்தன. இதுவரையில் கௌசிகா ஒரு சொல் சொன்னதில்லை. அன்றைக்கு என்னவோ வாய் திறந்துவிட்டது.

"அம்மா, அக்காவுக்கு இப்ப பத்தொன்பது. இது பதினைஞ்சு வயசுப் பிள்ளையின்ர சைஸ்."

அம்மாவின் கை நின்றது.

"ஒவ்வொரு முறையும் அதே சைஸ்தான் எடுக்கிறியள்," என்றாள் கௌசிகா.  பிறகு அந்த நெருக்கமான உடுப்பு வரிசைகளுக்கு நடுவில் நின்று மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். "அக்கா வேற ஆக்களோட போகேல்ல. நான்தான் கையைப் பிடிச்சிருந்தனான். விரலைத்தான் பிடிச்சனான். விட்டிட்டன். உங்களுக்குப் பொய் சொன்னனான்."

"தெரியும்," என்றார் அம்மா.

கடைக்காரி ஏதோ கணினியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா குங்கும நிறச் சட்டையின் கைகளை நீவி நீவி நேராக்கினார்.

"நான் திரும்பிப் பாத்தனான், பிள்ளை. நீ அழுதுகொண்டு நிண்டாய். அங்கால அவளின்ர தலை ஒருக்காத் தெரிஞ்சது. பிறகு தெரியேல்ல. அவளிட்டப் போறதெண்டால் உன்னை விட்டிட்டுப் போகோணும். உன்ர சட்டைக் கழுத்தில பிடிச்சு இழுத்துக்கொண்டு நடந்திட்டன்."

சட்டைக் கழுத்தை யாரோ பிடித்து இழுத்தது கௌசிகாவுக்கு நினைவிருந்தது. யார் என்று இத்தனை வருடத்தில் அவள் யோசிக்கவில்லை.

"பிறகேன் ரெண்டு ரெண்டெண்டு எழுதச் சொன்னனீங்கள்?"

"எழுதிறது நீயெல்லோ. நான் ஒண்டெண்டு சொன்னால், அதை நீ உன்ர கையால எப்பிடி எழுதுவாய்?"

 கடைக்காரி எழும்பி வந்து, அம்மாவின் கையில் இருந்த இரண்டு உடுப்பையும் பார்த்து, இரண்டு விரலைக் காட்டி ஆங்கிலத்தில் "ரூ?" என்று கேட்டாள். அம்மா குங்கும நிறச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டி, எடுத்த இடத்திலேயே திரும்பத் தொங்கவிட்டார்.

"வன்," என்றார்.

வெளியே வந்து மீன்கடைப் பக்கமாக நடந்தபோது கௌசிகாவுக்கு மனப்பாரம் இறங்கிய மாதிரி இருக்கவில்லை. அக்காவைக் கடைக்குள் விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். அம்மாவும் ஒரு தரம் திரும்பிப் பார்த்ததை அவள் கண்டாள்.

ஃபோர்மலுக்கு முந்திய கிழமை கடைசி ஆலோசனையை எழுதிக் கொடுத்தாள். சனத்துக்குள் ஒருவரையொருவர் பிடிக்கவேண்டி வந்தால் விரலைப் பிடிக்காதே, மணிக்கட்டைப் பிடி. இதைச் சொல்லித் தந்தவள் ஒன்பதாம் ஆண்டு லக்சிகா. அதோடு பக்கம் முடிந்தது. லின் இன்னும் கொஞ்சம் சேர்க்கச் சொன்னாள். சேர்க்க ஒன்றுமில்லை என்றாள் கௌசிகா.

டண்டினோங்கில் ஒரு மண்டபம். வெள்ளிக்கிழமை ஆறரைக்கே பிள்ளைகள் கார்களில் வந்து இறங்கினார்கள். சாப்பாடு முடிந்து பாட்டுத் தொடங்கி, நீல விளக்கு தளம் முழுக்க அலை அலையாக ஓடியபோது, பின்வரிசைப் பெடியன் ஒருவன் "மணிக்கட்டு!" என்று ஆங்கிலத்தில் கத்தினான். சிரித்துக்கொண்டே ஒருவர் மற்றவரின் மணிக்கட்டைப் பிடித்தார்கள். பத்துப் பேர், இருபது பேர், பிறகு எண்ண முடியாத அளவு. நீண்ட சங்கிலியாக அந்த நீல ஒளிக்குள் வளைந்து வளைந்து போனார்கள். பட்டுச் சட்டையும் கழுத்துப் பட்டியுமாக, நெஞ்சளவு நீலத்துக்குள்.

கௌசிகா இரண்டாவது கதவுக்குப் பக்கத்தில் சுவரோரம் நின்றாள்.  பாட்டும் சனமும் உள்ள இடம். வருவதென்றால் இங்கேதான் வரவேண்டும். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முதல்தடவையாக அவள் அக்காவைத் தேடினாள். மேனுகா வரவில்லை. சங்கிலி முழுக்க அவளைக் கடந்து போன பிறகும் வரவில்லை. அக்கா குசினிக்குள் வந்து நின்ற நாட்களைவிட அது கொடுமையாக இருந்தது.

கடைசி ஆளாக லின் வந்தாள். சப்பாத்தைக் கழற்றி ஒரு கையில் வைத்திருந்தாள். மற்றக் கையால் கௌசிகாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். கௌசிகா ஒரு கணம் எதிர்த்து நின்றாள். பிறகு போனாள். அவளுக்கு ஆடத் தெரியாது, நடந்தாள். யாரும் அதைக் கவனிக்கவில்லை. இரண்டு பாட்டு முடிந்தபோது அழுதுகொண்டிருந்தாள், ஆனால் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு லக்சிகாவும் அவளும் நூலகத்தில் சந்தித்தால் பக்கத்தில் இருந்து கதைப்பார்கள். பெரிய சிநேகம் என்று சொல்ல முடியாது. கார்த்திகை மாதம் லக்சிகாவின் குடும்பம் சொந்தக்காரரிடம் சிட்னிக்கு, குவேக்கர்ஸ் ஹில்லுக்குப் போய்விட்டது. போக முதல் ஒருநாள் அவளுடைய தம்பியைக் கௌசிகா கண்டாள். ஸ்பிரிங்வேல் நிலையத்து மேடையில் உருளைக்கிழங்குப் பொரியல் தின்றுகொண்டு நின்றான். ஒன்றை அவளுக்கும் நீட்டினான். வாங்கித் தின்றாள்.

அந்த வருடக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னேர வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த அம்மா, கதிரையில் இருந்து சப்பாத்தைப் போட்டபடி, கௌசிகா ஒன்றும் கேளாமலே சொன்னார்:

"என்னட்டையும் வாறவள். வேலையில, லோண்ட்றிக்குள்ள."

அக்கா வருவதைக் கௌசிகா அம்மாவுக்குச் சொன்னதேயில்லை. "என்ன சொல்லுவா?"

"ஒண்டும் சொல்லாள். நான் மடிச்சு வைக்கிற துணியைக் கலைச்சுப்போட்டு நிப்பாள். இருக்கேக்கையும் அதுதானே அவளுக்கு வேலை. ஒரு துரும்பை எடுத்துப் போடமாட்டாள். சரியான பஞ்சி பிடிச்சவள்."

நாலு வருடமாக அந்த வீட்டில் மேனுகாவைப் பற்றி ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை. கௌசிகாவுக்குச் சிரிப்பு வந்தது, அதற்குப் பின்னால் வேறென்னவோவும் வந்தது.

"உன்ர சின்னத் தோடு ஒண்டு துலைஞ்சதெல்லோ, கிளிநொச்சியில?" என்றார் அம்மா. "நீ துலைச்சிட்டாய் எண்டு நான் உனக்கு அடிச்சனான். அதை அவள்தான் எடுத்துக்கொண்டு போய்ச் சிநேகிதப் பெட்டைக்குக் குடுத்தவள். பங்கருக்குள்ள இருக்கேக்கை எனக்குச் சொன்னவள். உனக்குச் சொல்ல வேண்டாமாம், நீ கத்துவியாம்."

"அந்த அடியை வாங்கினது நான், அம்மா! மூண்டு நாள் ஒருத்தரும் என்னோட கதைக்கேல்ல. அவ பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டு இருந்தவ!"

"ஓம். அதைத்தான் சொல்லுறன்."

அம்மா எழும்பிப் பையைத் தோளில் போட்டு, "போட்டு வாறன், கதவைப் பூட்டு," என்று சொல்லிவிட்டுப் போனார். கௌசிகா கதவைப் பூட்டிவிட்டுக் குசினிக்குள் வந்தாள். குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. இருந்தாலும் அந்தப் பக்கம் பார்த்து, ஒரு தங்கை அக்காவை ஏசுகிற மாதிரி, வாயில் வந்த அத்தனையையும் சொல்லிப் பேசினாள். முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கும் வரைக்கும் பேசினாள்.